நாமே பிடித்த மீனைப் பச்சையாகச் சாப்பிட்டவர்கள் உண்டா? அனுபவங்களைப் பகிருங்கள்

கடற்காகம் (யோகோஹாமா)

இங்கே மியூரா தீபகற்பத்து அலைதடுப்புச் சுவர்களில் தூண்டில் போடுகிறவர்களிடம் பச்சை மீனைப் பற்றிப் பேச்செடுத்தால், ருசியைப் பற்றி யாரும் முதலில் சொல்வதில்லை. குடலை எப்போது எடுத்தாய் என்றுதான் கேட்பார்கள். எனக்குப் பழக்கமான முதியவர் ஒருவர், மீன் கைக்கு வந்ததும் கண்ணுக்குப் பின்னால் கூரான கம்பியை இறக்கி மூளையைக் குத்துவார். செவுளை அறுத்து, கடல்நீர் வாளியில் இரத்தம் வடியவிடுவார். அந்த இடத்திலேயே வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துத் தனிப் பையில் கட்டிக்கொள்வார்; கடலில் எறிய மாட்டார். அதன்பிறகே மீன் ஐஸ் பெட்டிக்குள் போகும்.

இத்தனை அவசரமும் அனிசாக்கிஸ் என்ற புழுவுக்காக. திமிங்கிலம், டால்பின் போன்றவற்றின் வயிற்றில் வளர்ந்து முட்டையிடும் புழு இது. அதன் குஞ்சுகள் கூனி போன்ற சிற்றுயிர்கள் வழியாக மீனுக்கும் கணவாய்க்கும் வந்து சேர்கின்றன. மீன் உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் குடலைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும். மீன் செத்தபின் சதைக்குள் நகரத் தொடங்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள வெள்ளை நூல் போல இருக்கும், கண்ணுக்கே தெரியும்.

அஜி என்ற சிறு மீனை மட்டும் அவர் அன்றிரவே பச்சையாகச் சாப்பிடுவார். அதையும் மெல்லிசாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் விளக்கில் பிடித்துப் பார்ப்பார். நம் கானாங்கெளுத்தியின் உறவான சபாவை, எவ்வளவு துள்ளத் துள்ளப் பிடித்தாலும், ஃப்ரீசரில் உறைய வைக்காமல் வாயில் வைக்க மாட்டார். உங்கள் ஊர்களில் எப்படி?

வடகடலான் (நோர்வே)

எண்பதுகளில் ஃபின்மார்க் பகுதி மீன் ஆலைகளுக்கு வேலைக்கு வந்த ஈழத்தமிழர்களில் நானும் ஒருவன். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் கொட் மீன் துண்டுகளைப் பரப்பி, ஒளியில் தெரியும் புழுக்களைக் கத்தி முனையால் எடுத்துப் போடுவதுதான் வேலை. அதைச் செய்தவனுக்குப் பச்சை மீன் மேல் ஆசை வருவது கடினம். தடித்த துண்டாக இருந்தால் அந்த வெளிச்சத்திலும் சில புழுக்கள் தப்பிவிடும். எனவே கண்ணால் பார்த்தேன், இல்லை என்பதை நான் நம்புவதில்லை.

ஆனாலும் பிள்ளைகளுக்கு உப்பும் சீனியும் சதகுப்பை இலையும் தடவி ஊறவைத்த பச்சை சால்மன் பிடிக்கும். நானே ஆற்றில் பிடித்த சால்மன் என்றால் முதலில் ஃப்ரீசர், பிறகுதான் உப்பு. அந்த உப்பு புழுவைக் கொல்லாது. ஆற்றில் பிடித்தாலும் அது கடலில் தின்று வளர்ந்த மீன். கடையில் விற்கும் பண்ணை சால்மன் தயாரித்த தீனியை மட்டுமே தின்பதால் அதற்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. சொந்தமாகப் பிடித்ததுதான் உசத்தி என்று மார் தட்டுகிற நண்பர்களுக்கு இது பிடிக்காத செய்தி.

நெய்தல் (ஒசாக்கா)

என் அறைத்தோழன் ஊசிக்கணவாய் பிடித்துவந்து அன்றே பச்சையாகச் சாப்பிட்டான். சோயா, வசாபி எல்லாம் தாராளமாக இருந்தன. நள்ளிரவில் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டுவிட்டான். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்பது. எண்டோஸ்கோப்பி குழாயை இறக்கி, இரைப்பைச் சுவரில் தலையைப் புதைத்திருந்த புழுவை இடுக்கியால் பிடித்து எடுத்தார். சிறிது நேரத்தில் வலி போய்விட்டது. மனித உடலில் இந்தப் புழு வளராது, தானாகவே செத்துவிடும் என்று சொன்னார். அதுவரை அந்த வலியை யார் தாங்குவது?

வசாபி, வினிகர், எலுமிச்சை எதுவும் சமையலில் போடும் அளவில் இதை ஒன்றும் செய்யாது. மேற்கு ஜப்பானின் ஃபுகுவோக்காவில் சபாவைப் பச்சையாகவே உண்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பக்கத்துக் கடல் மீனில் இருக்கும் அனிசாக்கிஸ் வேறு வகை. அது சதைக்குள் அவ்வளவாக நுழைவதில்லை. அதை நம்பி பசிபிக் கரையில் பிடித்ததைத் தின்னக் கூடாது.

தோமான் பிரியன் (சிங்கப்பூர்)

நீர்த்தேக்கத்தில் தோமான் (நம் விராலின் பெரிய அண்ணன்) பிடிக்கிறவன் நான். உறைய வைத்தால் போதும் என்று மேலே படித்ததும் எழுதத் தோன்றியது. 2015இல் இங்கே கஞ்சியோடு பரிமாறிய பச்சை மீன் துண்டுகளால் பலருக்கு பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்தது. மூளை உறை, மூட்டு வரை போனது. சிக்கியவை தோமானும் பெருந்தலைக் கெண்டையும். அந்த டிசம்பரில் உணவுக் கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறுவதையே தடை செய்தார்கள். இது புழு இல்லை, பாக்டீரியா. ஃப்ரீசர் அதைத் தூங்கவைக்கும், கொல்லாது. அதனால் நான் பிடிப்பதெல்லாம் குழம்புக்குத்தான்.

கடற்காகம்

நன்னீர் பற்றிச் சொன்னது முக்கியம். வடகிழக்குத் தாய்லாந்தில் கெண்டை இனச் சிறுமீன்களைப் பச்சையாகக் கொத்தி உண்ணும் பழக்கத்தால் ஈரல் தட்டைப்புழு வருகிறது. அது பித்தநாளப் புற்றுநோய்வரை கொண்டுபோகிறது. ஆறு, குளத்து மீனை நானும் பச்சையாகத் தொடுவதில்லை.

கடல் மீனுக்கு ஜப்பானிய அரசு சொல்வது: மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரத்துக்கு மேல். அமெரிக்கர்கள் அதே குளிரில் 7 நாள் என்கிறார்கள். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18ஐத் தொட்டாலே அதிகம், அதிலும் பிள்ளைகள் ஐஸ்கிரீமுக்குத் திறந்துகொண்டே இருப்பார்கள். உள்ளே ஒரு வெப்பமானியைப் போட்டுப் பார்த்தபின் நான் 7 நாள் கணக்குக்கு மாறிவிட்டேன். வெயிலில் கிடந்த சபாவை மட்டும் எதுவும் காப்பாற்றாது. அதில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உறைந்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது.

நெய்தல்

கணவாயை உறைய வைத்தால் ரப்பராகிவிடாதா?

கடற்காகம்

இல்லை. சுத்தம் செய்து, ஈரம் துடைத்து, காற்றுப் புகாமல் சுற்றி வையுங்கள். உறைந்த பிறகு ஊசிக்கணவாய் இன்னும் மென்மையாகும், இனிப்பும் கூடும். சபாதான் கொஞ்சம் தளர்ந்துவிடும். அதற்கு உப்பிட்டு, வினிகரில் ஊறவைத்து, பிறகு உறைய வைக்கும் ஷிமே சபா முறையே நல்லது.

வடகடலான்

சால்மனை முழுதாக வைக்காதீர்கள். துண்டு போட்டு வைத்தால் நடுப்பகுதியும் சீக்கிரம் உறையும்.