மறு: கார்டுக்குத் (chord, பல சுரங்களை ஒரே சமயத்தில் ஒலிப்பது) தமிழ்: நாண், சுரக்கட்டு, சுரக்கொத்து

> வட்டத்துக்கு நாண் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறோம். இசைக்கும் அதையே வைத்தால் என்ன? (மன்னார்குடி ஐயா)

ஐயா, அங்கேதான் உதைக்கிறது. வட்டத்தின் நாணுக்கு இங்கிலீஷில் சொல்லும் 'கார்டு' லத்தீனில் நரம்பு, கம்பி என்ற சொல்லிலிருந்து வந்தது. இசைக்காரர்களின் கார்டு 'அக்கார்டு', அதாவது இசைவு, என்பதன் குறுக்கம். நடுவில் யாரோ h என்ற ஓர் எழுத்தைச் செருகி இரண்டையும் ஒரே மாதிரி எழுத வைத்துவிட்டார்கள். அவர்கள் எழுத்துப்பிழையை நாம் மொழிபெயர்ப்பானேன்? தவிர, நாண் ஒற்றைக் கம்பி. நமக்கு வேண்டியதோ மூன்று சுரம் ஒரே சமயத்தில்.

> அப்படியானால் சுரக்கட்டு? (திருவையாற்று அம்மா)

பொருள் சரிதான் அம்மா. ஆனால் பாடுகிறவர் தன் சுருதியை 'அஞ்சு கட்டை' என்பார், கீபோர்டுக்காரர் 'என்ன கட்டு?' என்பார். கும்பகோணத்துக் கல்யாண மேடையில் மைக் ஊளையிடும்போது இரண்டும் ஒன்றாகத்தான் காதில் விழும். இருபது வருஷம் அங்கே வாசித்தவன் சொல்கிறேன்.

என் ஓட்டு சுரக்கொத்து. பேச்சில் வெறும் கொத்து. சட்ஜமம் (ச), அந்தர காந்தாரம் (க), பஞ்சமம் (ப) மூன்றையும் சேர்த்து அமுக்கினால் மேஜர் கார்டு. காந்தாரத்தை மட்டும் அரைக்கட்டை (கீபோர்டில் அடுத்த கட்டை) இறக்கிச் சாதாரண காந்தாரம் ஆக்கினால் மைனர் கார்டு. ஆகவே அந்தரக்கொத்து, சாதாரணக்கொத்து. (சோகப் பாட்டுக்கெல்லாம் 'சாதாரணம்' என்று பெயரா என்று பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.) சுரங்களை ஒவ்வொன்றாக உதிர்த்து வாசித்தால் உதிர்கொத்து. ஒரு சொல் நல்லதா என்பது அது குட்டி போடுகிறதா என்பதில் தெரியும்; நாணை வைத்து இதைச் செய்து பாருங்கள்.

இவ்வளவு நாள் ஏன் சொல் இல்லை? திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதர் இங்கிலீஷ் பாண்டு மெட்டுகளை எடுத்து நோட்டுசுவர சாகித்தியங்கள் செய்தார். பிரிட்டிஷ் ராஜகீதமே 'சந்ததம் பாஹிமாம்' ஆனது. மெட்டு வந்தது, அடியில் ஒலித்த கொத்து வரவில்லை. பொருள் வராத ஊருக்குச் சொல் எப்படி வரும்?

எனக்கு இந்தச் சொல் அவசரமாகத் தேவைப்பட்டது போன மாதம். ஒரு பழைய 78 சுழற்சி இசைத்தட்டிலிருந்து பாட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தேன். தட்டு ஓடிய வேகத்தையே நம்ப முடியாது. நூற்றுக்கு 6 கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மைக்கில் வாசித்தது வேறு. ஆர்மோனியத்தின் சட்ஜமமும் பஞ்சமமும் தெளிவு. காந்தாரம் இரைச்சலுக்குள் போய்விட்டது. ஹெட்போனை அழுத்திப் பிடித்து நாற்பது தடவை கேட்டும் அந்தரமா சாதாரணமா என்று பிடிபடவில்லை. கடைசியில் நடுச்சுரம் இல்லாமலே எழுதினேன். தஞ்சாவூர்த் தம்புரா நாள் முழுக்க மீட்டுவதும் அந்த இரண்டைத்தானே.

சிலப்பதிகார உரையைப் புரட்டினால் ஒரு வேடிக்கை. நின்ற நரம்புக்கு (எண்ணத் தொடங்கும் சுரத்துக்கு) ஐந்தாவது கிளை, நாலாவது நட்பு, மூன்றும் ஆறும் பகை. நாம் கொத்துக்கு உயிர் என்று நினைக்கும் காந்தாரம், சட்ஜமத்துக்கு மூன்றாவது, அந்தக் கணக்கில் பகை! நடுச்சுரம் இல்லாத கொத்துக்குப் 'பகைநீங்கு கொத்து' என்று வைக்க ஆசை. கொஞ்சம் அலட்டல்தான், தெரிகிறது.

> கொத்து சரி தம்பி. பகைநீங்கு வேண்டாம், பரிகாரத் தலம் மாதிரி இருக்கிறது. வெறுங்கொத்து போதும். கொத்துகள் அடுத்தடுத்து மாறிப் போவதற்கு என்ன சொல்? (திருவையாற்று அம்மா)

வெறுங்கொத்து, ஏற்கிறேன் அம்மா. மாறிப் போவதற்குக் கொத்தோட்டம் என்று நினைத்தேன். கொத்துவரிசை என்றால் ஆரம்பப் பாடங்களான சரளிவரிசை, ஜண்டைவரிசையோடு சேர்ந்துகொள்ளும். மன்னார்குடி ஐயா இன்னும் நாணைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரா என்று தெரிந்தபின் சொற்பட்டியலில் ஏற்றுகிறேன்.