புதுப்பிப்பு: தங்கச்சி குற்றவியல் படித்தால் பொலிஸ் வேலை மட்டும்தானா?

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: ஏ.எல். கலைப்பிரிவு முடித்த தங்கச்சிக்கு ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் குற்றவியல் நீதி படிக்க ஆசை, அப்புறம் என்ன வேலை என்று. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

பலன் தந்தது, "நன்னடத்தை உத்தியோகத்தர் (நீதிமன்றம் கண்காணிப்பில் விடுபவர்களையும் சிறுவர்களையும் கவனிக்கும் அரச அலுவலர்) ஒருவரை நேரில் பாருங்கள்" என்ற யோசனைதான். ஹட்டனிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சந்தித்தோம். மேசையில் ஒரு பையனின் கோப்பு. அவன் இருந்த தோட்ட லயத்துக்கே (தொழிலாளர் வரிசை வீடுகள்) நடந்து போய் அம்மாவிடமும் பக்கத்து வீட்டாரிடமும் விசாரித்து எழுதிய அறிக்கை. நீதவான் முடிவெடுக்க அது உதவுமாம். தங்கச்சி அதிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

இது தவிர, 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டப்படி, சிறைக்குப் பதிலாகச் சமுதாயப் பணி செய்ய உத்தரவிடப்படுவோரை மேற்பார்வை செய்யும் வேலையும் உண்டு. சிறைச்சாலைத் திணைக்கள வேலைகள் இவற்றிலிருந்து தனி.

எதிர்பாராத விஷயம்: நன்னடத்தைத் துறை மாகாண சபையின் கீழ் வருகிறது. ஆகவே வேலைவாய்ப்புக்கு வர்த்தமானியோடு நின்றுவிடாமல் மத்திய மாகாண அறிவித்தல்களையும் பாருங்கள். சரி, சிங்களமும் இப்போதே படிக்கச் சொன்னார் அந்த உத்தியோகத்தர், தங்கச்சி தொடங்கிவிட்டாள். தோட்டத்துப் பிள்ளைகளிடம் தமிழில் பேசி எழுதக்கூடியவர்கள் கட்டாயம் வேண்டும் என்றும் சொன்னார்.