மேல் வீட்டு ஹோஸ் வெடித்து எங்கள் வீடு முழுக்கத் தண்ணீர், வீட்டுக் காப்பீட்டில் ஏதாவது கிடைக்குமா?

மடிப்பாக்கம்_2வது_தளம்:
எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் அடுக்ககத்தில் சொந்த வீடு, கடன் இன்னும் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய் ஞாயிறு இரவு திரும்பிக் கதவைத் திறந்தால் வாசலில் விட்டிருந்த செருப்பு மிதக்கிறது. மேல் வீட்டில் கீசருக்குப் போகும் ஹோஸ், நட்டுக்குப் பக்கத்தில் பிளந்துவிட்டது, அவர்களும் வீட்டில் இல்லை, டேங்கில் இருந்த தண்ணீர் மொத்தமும் எங்கள் தலையில்தான் இறங்கியிருக்கிறது. ஹால் ஃபால்ஸ் சீலிங் பாதி விழுந்துவிட்டது. சமையலறைக் கீழ்ப்பெட்டிகளின் பிளைவுட் உப்பிப்போய்க் கதவு மூட வரவில்லை. டிவி போச்சு. பீரோவின் கீழ்த்தட்டில் அம்மாவின் பட்டுப்புடவைகள், அரக்குச் சாயம் இறங்கிப் பக்கத்தில் இருந்த சந்தனநிறப் புடவை முழுக்கப் பரவிவிட்டது. அம்மா அதைப் பார்த்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

கடன் வாங்கும்போது ஒரு பாலிசி போட்டார்கள், மேலே பாரத் கிருஹ ரக்‌ஷா என்று இருக்கிறது. கால் சென்டரில் கேட்டால் "தண்ணீர்க் கசிவுக்கு கவர் கிடையாது சார்" என்று வைத்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

கிளெயிம்_மேசை:
இல்லை, அவ்வளவுதான் இல்லை. பொதுக் காப்பீட்டில் பல வருடம் கிளெயிம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் போனில் "கசிவு" என்ற சொல்லைச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

பாரத் கிருஹ ரக்‌ஷா என்பது 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் பொதுவான பாலிசி. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம் இவற்றோடு, தண்ணீர்த் தொட்டி, குழாய், அதைச் சேர்ந்த சாதனங்கள் வெடித்தாலோ நிரம்பி வழிந்தாலோ ஆகும் சேதமும் அதில் தெளிவாக இருக்கிறது. உங்கள் வீட்டில் நடந்தது இதுதான், ஒரே நாளில் திடீரென்று குழாய் வெடித்தது. கம்பெனிகள் மறுப்பது மெதுவான கசிவை. பாத்ரூம் டைல்ஸ் இடுக்கில் மாதக்கணக்கில் இறங்கி ஓதம் பிடித்துச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தால் அதைத் தேய்மானம், பராமரிப்புக் குறை என்று தள்ளிவிடுவார்கள். இரண்டும் தண்ணீர்தான், ஆனால் பாலிசியில் இரண்டும் வேறு வேறு.

இனிமேல் போனில் பேசாதீர்கள். இன்றே மெயிலில், எந்தத் தேதி, எதன் ஹோஸ், எங்கே பிளந்தது, எப்போது பார்த்தீர்கள் என்று நடந்தது நடந்தபடி எழுதி கிளெயிம் எண் வாங்குங்கள். சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வரும்வரை எதையும் தூக்கிப் போடாதீர்கள். தண்ணீரை வெளியேற்றலாம், நனைந்ததைக் காய வைக்கலாம், சேதம் கூடாமல் தடுப்பது உங்கள் கடமையும்கூட. ஆனால் அதற்கு முன்னால் எல்லாவற்றையும் படம், வீடியோ எடுத்துவிடுங்கள். ரொம்ப முக்கியம், அந்தப் பிளந்த ஹோஸை மேல் வீட்டிலிருந்து கேட்டு வாங்கி ஒரு கவரில் போட்டு வையுங்கள். பிளம்பர் குப்பையில் போட்டுவிட்டால், வெடித்தது என்று காட்ட வாய்ச்சொல் மட்டும்தான் மிஞ்சும்.

அப்புறம் ஹால் சுவிட்ச் எதையும் போடாதீர்கள். தண்ணீர் வயர் போகும் குழாய் வழியாகத்தான் ஃபேன் கொக்கிக்கு இறங்கும்.

குரோம்பேட்டைக்காரர்:
மேலே சொன்னதில் ஒரு வார்த்தைகூட அலட்சியம் செய்ய வேண்டாம் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் கிளெயிம் மறுக்கப்பட்டது. படுக்கையறைச் சுவர், மேல் வீட்டுப் பாத்ரூமிலிருந்து இரண்டு மழைக்காலமாக ஊறிக்கொண்டே இருந்தது, ஒரு நாள் பூச்சு பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. அது விழுந்த நாளைத்தான் நாங்கள் விபத்து என்று நினைத்துக்கொண்டோம். வந்த சர்வேயர் சுவரில் டார்ச் அடித்துக் காட்டினார், பழுப்பு நிறத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கைந்து வளையம். ஒவ்வொரு முறை நனைந்து காயும்போதும் ஒரு கோடு விழுமாம். போதாததற்கு பிளம்பர் பில்லில் "பழைய லீக் சரிசெய்தது" என்று எழுதியிருந்தார். அதோடு முடிந்தது. கோபம் இருந்தது, ஆனால் அவர் சொன்னது உண்மை. முதல் மழைக்காலத்திலேயே மேல் வீட்டில் சொல்லி டைல்ஸ் இடுக்கை அடைத்திருந்தால் சில ஆயிரத்தில் முடிந்திருக்கும்.

உங்களுடையது நிஜமாகவே வெடிப்பு. பிளம்பரிடம் பில் வாங்கும்போது என்ன செய்தார் என்று சரியாக எழுதச் சொல்லுங்கள். இல்லாததை எழுதச் சொல்ல வேண்டாம், பொய் தெரிந்தால் முழு கிளெயிமும் போய்விடும்.

மடிப்பாக்கம்_2வது_தளம்:
நன்றி அண்ணா. ஹோஸ் கிடைத்துவிட்டது, நல்லவேளை வாளிக்குள் போட்டு வைத்திருந்தார்கள், நட்டு முழுக்கத் துரு. இன்னொன்று, மேல் வீட்டு சார் நேற்று வந்து 15,000 ரூபாய் தருகிறேன் என்றார். நல்ல மனிதர்தான், ரொம்ப வருத்தப்பட்டார். ஆனால் "இனி எந்த நஷ்டஈடும் கேட்க மாட்டேன்" என்று ஒரு கடிதம் கையெழுத்துப் போட்டுக் கேட்கிறார். போடலாமா?

கிளெயிம்_மேசை:
போடவே போடாதீர்கள். கம்பெனி உங்களுக்குப் பணம் கொடுத்த பிறகு, சேதத்துக்குக் காரணமானவரிடம் வசூலிக்கும் உரிமை உங்களிடமிருந்து கம்பெனிக்குப் போகும். நீங்கள் முன்கூட்டியே அந்த உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால் அதையே காரணம் காட்டி உங்கள் கிளெயிமைக் குறைக்கவோ மறுக்கவோ இடம் கிடைத்துவிடும். அவரிடம் தன்மையாகச் சொல்லுங்கள், "சார், கிளெயிம் போட்டிருக்கிறேன், அது முடியட்டும், பிறகு பேசிக்கொள்வோம்" என்று. அக்கம்பக்கம் முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள் என்பது புரிகிறது, இருந்தாலும் கையெழுத்து வேண்டாம்.

பாலிசி அட்டவணையில் இன்னொன்றும் பாருங்கள். கட்டடம் மட்டுமா, வீட்டுப் பொருளும் சேர்த்தா? கடனோடு வரும் பாலிசிகள் பலவும் கட்டடத்துக்கு மட்டும்தான். இரண்டும் சேர்த்து இருந்தால் தனியாக எதுவும் எழுதிக் கொடுக்காமலேயே கட்டடத்துக்குப் போட்ட காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை பொருள்களுக்கு உண்டு. துணிமணி, டிவி, மரச்சாமான் எல்லாம் அதில் அடங்கும். நகை, வெள்ளிப் பாத்திரம் அடங்காது, அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பொருள் கவர் இல்லாவிட்டாலும், சுவரோடும் கூரையோடும் நிரந்தரமாகப் பொருத்தியவை கட்டடக் கணக்கில் வரும். அதனால் ஃபால்ஸ் சீலிங், ஒயரிங், அடித்துப் பொருத்திய சமையலறைப் பெட்டிகளைக் கட்டடத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள்.

சங்கச்_செயலாளர்_கோவை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எங்கள் குடியிருப்பில் இதே சண்டை அடிக்கடி வருவதால் சொல்கிறேன். மொட்டைமாடி டேங்க், எல்லா வீட்டுக்கும் பொதுவாக இறங்கும் குழாய் இவை சங்கத்தின் பொறுப்பு. வீட்டுக்குள் பிரியும் வால்வுக்கு அப்புறம் இருப்பது அந்தந்த வீட்டுக்காரர் பொறுப்பு. எங்கள் சங்க விதியில் இதை எழுதியே வைத்துவிட்டோம். சர்வேயருக்குச் சங்கத்திலிருந்து, இன்ன தேதியில் இன்ன வீட்டு ஹோஸ் வெடித்தது என்று ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள் தம்பி, அதற்கு நல்ல மதிப்பு உண்டு. வெளியூர் போகும்போது வீட்டு மெயின் வால்வை மூடச் சொல்லி லிஃப்டில் ஒட்டியிருக்கிறோம், பாதிப் பேராவது மூடுகிறார்கள்.

வாடகைவீடு_தாம்பரம்:
வாடகைக்கு இருப்பவர்கள் எடுக்க முடியுமா?

கிளெயிம்_மேசை:
முடியும். பொருள்களுக்கு மட்டும் எடுங்கள், கட்டடம் உரிமையாளர் பாடு.

மடிப்பாக்கம் தம்பிக்கு, ஒருவேளை மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்டு வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவரிடம் போகலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், அதை மட்டும் தவறவிடாதீர்கள்.

மடிப்பாக்கம்_2வது_தளம்:
சர்வேயர் இன்று வந்தார். மெயில் போன பிறகு நிலைமையே வேறு. சமையலறைப் பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கம் பார்த்தார், பழைய கறை எதுவும் இல்லை என்று குறித்துக்கொண்டார். ஹோஸைப் படம் எடுத்தார். பாலிசியில் பொருளும் சேர்த்தே இருக்கிறது, எனக்கே இன்றுதான் தெரியும். தச்சரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் எஸ்டிமேட் கேட்டிருக்கிறார், டிவிக்கு பில் இருக்கிறது. புடவைகளுக்குத்தான் ஒரு பில்லும் இல்லை, எல்லாம் 20, 30 வருடத்துக்கு முன்னால் வாங்கியவை. விட்டுவிடலாமா?

கிளெயிம்_மேசை:
ஏன் விட வேண்டும்? சாயம் இறங்கிய புடவைகளை ஒவ்வொன்றாக விரித்துப் படம் எடுங்கள், ஜரிகை தெரியும்படி. உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் அம்மா அவற்றைக் கட்டியிருக்கும் படம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.