அபொரிஜினல் சமூகம் நடத்தும் சுகாதார ஆய்வு: குழுவுக்கு உண்மையில் அதிகாரம் இருக்கிறதா என்று எப்படி அளப்பது?

கேள்வி:
ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், அபொரிஜினல் (பூர்வகுடி) மக்களிடையே மூன்று வருட சர்க்கரை நோய் ஆய்வு. ஆய்வை வழிநடத்தும் ஆளுகைக் குழுவில் பெரும்பான்மை உள்ளூர் அபொரிஜினல் மருத்துவ சேவையின் ஆட்கள். எத்தனை கூட்டம், எத்தனை பேர் என்பதைத் தாண்டி எதைப் பார்க்க வேண்டும்? பூர்வகுடி மக்கள் பற்றிய ஆய்வுகளை அவர்கள் பார்வையில் எடைபோடும், 14 கேள்வி கொண்ட தர மதிப்பீட்டுக் கருவி போதுமா?

பதில் 1:
போதாது. 2020-ல் வந்த அந்தக் கருவி முக்கியமாக அச்சான ஆய்வுகளை எடைபோட உருவானது. ஆளுகை பற்றிக் கட்டுரையில் எழுதாமல் விட்டால் "தெளிவில்லை" என்றுதான் விழும். குழு நன்றாகவே நடந்திருக்கலாம். கேள்விகளை வைத்துக்கொண்டு விடையை மினிட்ஸில் (கூட்டக் குறிப்புகளில்) தேடுங்கள்.

முதலில் தேதி. எத்திக்ஸ் (ஆய்வு அறநெறி) அனுமதிக்கான விண்ணப்பம் போன பிறகுதான் முதல் கூட்டம் என்றால், குழுவிடம் காட்டியது முடிந்துபோன திட்டம். அடுத்து ஒரு அட்டவணையில் நாலு காலம் (column) போட்டு எழுதுங்கள்: யார் சொன்னது, என்ன சொன்னது, திட்டத்தில் எந்த வரி மாறியது, எப்போது. மூன்று வருடத்தில் ஒரு "வேண்டாம்" கூட இல்லையா? சந்தேகப்படுங்கள்.

பதில் 2:
அந்த மாநிலத்தின் ஏஎச் அண்ட் எம்ஆர்சி (அபொரிஜினல் சுகாதார, மருத்துவ ஆய்வுக் கவுன்சில்) எத்திக்ஸ் கமிட்டி கேட்பது ஐந்து: நிகர நன்மை, சமூகக் கட்டுப்பாடு, பண்பாட்டு உணர்வு, செலவை ஈடுகட்டல், திறன் வளர்ப்பு. நான்காவதில்தான் பலரும் கோட்டை விடுவார்கள். பட்ஜெட்டில் சிட்டிங் ஃபீஸ் (கூட்டத்துக்கு வருவதற்கான தொகை) இருக்கும். ஆள் சேர்க்க கிளினிக் நர்ஸ் செலவிடும் மணி நேரத்துக்கு ஒதுக்கீடே இருக்காது.

தரவு ஒப்பந்தத்தையும் பாருங்கள். ஆய்வு முடிந்தபின் இன்னொருவர் அதே தரவைக் கேட்டால் மறுக்கும் உரிமை யாருக்கு? "கலந்தாலோசிக்கப்படும்" என்று மட்டும் இருந்தால் உரிமை பல்கலைக்கழகத்திடமே.

பதில் 3:
வருகை குறைந்த கூட்டத்தை ஆர்வக்குறைவு என்று எழுதிவிடாதீர்கள். ஊரில் சாவு நேர்ந்தால் 'சாரி பிசினஸ்' (துக்கச் சடங்குகள்) நடக்கும். கூட்டம் தள்ளிப்போகத்தான் வேண்டும். தள்ளி வைத்தார்களா, ஆளில்லாமலே முடிவெடுத்தார்களா என்பதே உங்கள் தரவு.

கேள்வி கேட்டவர்:
மினிட்ஸில் "விவாதிக்கப்பட்டது" என்று மட்டுமே இருக்கிறது.

பதில் 1:
அப்படியானால் ஆய்வுத் திட்ட ஆவணத்தின் (புரோட்டோகால்) பதிப்புகளைத் தேதிவாரியாக ஒப்பிடுங்கள். உறுப்பினர்களைத் தனியே பேட்டி காணுங்கள், ஆய்வாளர் அறையில் இல்லாமல். பேட்டி எடுப்பவர் அபொரிஜினல் ஆளாக, அந்தப் பல்கலைக்கழகச் சம்பளம் வாங்காதவராக இருந்தால் பேச்சு வரும். எதை வெற்றி என்பது என்று குழுவிடமே கேட்டுவிட்டு அளவுகோலை எழுதுங்கள்.