பதங்கநிலை: ஆர்சனிக்குக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

> ஆர்சனிக்கின் உருகுநிலை 817, கொதிநிலை 615 என்று அட்டவணையில் இருக்கிறது. கொதித்து முடித்த பிறகா உருகும்? அச்சுப்பிழையா?

அச்சுப்பிழை இல்லை. எண்கள் இரண்டும் சரி, பத்தியின் தலைப்புதான் பொருந்தவில்லை. ஏறத்தாழ 615 டிகிரி செல்சியஸில் திட ஆர்சனிக்கின் ஆவியழுத்தம், அதாவது அதிலிருந்து கிளம்பும் ஆவி தரும் அழுத்தம், ஒரு வளிமண்டலத்தை (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்த அளவை) எட்டிவிடுகிறது. காற்றுப் புகாத சூழலில் அந்த அழுத்தத்திலேயே சூடேற்றிக்கொண்டு போனால் துளி திரவம்கூடக் கண்ணில் படாமல் கட்டி தேய்ந்து ஆவியாகிவிடும். 817 என்பது மூடிய குழாய்க்குள், முப்பத்தைந்து வளிமண்டலத்துக்கும் மேலான அழுத்தத்தில் உருகும்போது கிடைத்த அளவு. கொதிக்க முதலில் திரவம் வேண்டும். திரவமே இல்லாத இடத்தில் ‘கொதிநிலை’ என்று எழுதினால் படிப்பவர் குழம்பத்தான் செய்வார்.

திடப்பொருள் உருகாமல் நேரே ஆவியாவதைப் பதங்கமாதல் என்கிறோம். ‘பதங்கமாதல் வெப்பநிலை’ என்று எழுதலாம்தான், ஆனால் நீளம். உருகுநிலை, கொதிநிலை, உறைநிலை என்ற வரிசையில் உட்காரும்படி ‘பதங்கநிலை’ என்று முன்மொழிகிறேன். திடப்பொருளின் ஆவியழுத்தம், அது உருகுவதற்கு முன்பே, ஒரு வளிமண்டலத்தை எட்டும் வெப்பநிலை என்பது வரையறை.

> பதங்கம் யாருக்கும் புரியாது. நேராவிநிலை என்று வைக்கலாமே?

தண்ணீரும் நேராகத்தான் ஆவியாகிறது! பதங்கம் சித்த மருத்துவத்தில் இன்றும் புழங்கும் சொல். செந்தூரம், பற்பம் போல அதுவும் ஒரு மருந்து வகை. சரக்கைச் சூடேற்றி, மேலே எழும் ஆவி குளிர்ந்து படிவதைச் சுரண்டி எடுப்பது. செய்முறையோடு சேர்ந்தே வந்த சொல்லை விட எனக்கு மனமில்லை.

> எந்தத் தனிமத்துக்கு உருகுநிலை, எதற்குப் பதங்கநிலை என்பதை எது முடிவு செய்கிறது?

பிணைப்புதான். உருகும்போது அணுக்கள் ஒன்றையொன்று விடாமல் நகரக் கற்றுக்கொண்டால் போதும். ஆவியாக வேண்டுமென்றால் பிரிந்தே போக வேண்டும். உலோகப் பிணைப்புக்குத் திசை கிடையாது, ஆகவே நகர்வது எளிது, பிரிவது கடினம். ஒரு மோல் சோடியத்தை உருக்க 2.6 கிலோஜூல் போதும், அதை ஆவியாக்க ஏறத்தாழ 97 வேண்டும். கால்லியம் 30 டிகிரிக்குள் உருகிவிட்டு, 2,200-ஐத் தாண்டியும் திரவமாகவே கிடக்கும்.

அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்புக்குத் திசை உண்டு, ஆகவே நகர்வதும் கடினம். அதனால் கிராஃபைட் உருக மறுத்து, 3,600 டிகிரியைத் தாண்டியதும் ஆவியாகிறது. திரவக் கார்பன் வேண்டுமானால் நூறு வளிமண்டலம் அளவுக்கு அழுத்த வேண்டும். ஆனால் ‘சகப்பிணைப்பு வலை என்றால் பதங்கம்’ என்று சூத்திரம் எழுதிவிடாதீர்கள். சிலிக்கானும் வைரத்தைப் போன்ற வலைதான், அது 1,414 டிகிரியில் ஒழுங்காக உருகுகிறது. உருகும்போது அதன் பிணைப்பே மாறி, திரவம் உலோகத் தன்மை பெறுகிறது. திடத்தைவிட அடர்த்தியும் கூடிவிடுகிறது. திரவத்துக்கு இப்படி ஒரு நிலைப்பு கிடைத்தால் உருகுவதில் லாபம் உண்டு.

ஆர்சனிக்குக்கோ ஆவியில் லாபம். சாம்பல்நிற ஆர்சனிக்கின் அடுக்குக்குள் ஒவ்வோர் அணுவும் மூன்று பிணைப்புகளோடு இருக்கிறது. ஆவியில் நான்கு அணுக்கள் நான்முகியாகக் கூடுகின்றன, அங்கேயும் ஆளுக்கு மூன்று பிணைப்பு. பிரிந்து போவதற்குக் கொடுக்கும் விலை குறைவு. தனிம அட்டவணையில் அதே தொகுதியில் கீழே வாருங்கள்: உலோகத் தன்மை கூடுகிறது, ஆண்டிமனி 631 டிகிரியில், பிஸ்மத் 271-இல் உருகுகின்றன, இரண்டுக்குமே கொதிநிலை 1,500-க்கு மேல். மேலே போனால் பாஸ்பரஸ். வெள்ளைப் பாஸ்பரஸ் தனித்தனி மூலக்கூறுகள், 44 டிகிரியிலேயே உருகும். சங்கிலியாகப் பிணைந்த சிவப்புப் பாஸ்பரஸ் சாதாரண அழுத்தத்தில் உருகாமல் ஆவியாகும். தனிமம் ஒன்று, ஒரு வடிவத்துக்கு உருகுநிலை, இன்னொன்றுக்குப் பதங்கநிலை. எனவே அட்டவணையில் தனிமத்தின் பெயரோடு வடிவத்தையும் எழுதியாக வேண்டும்.

> அயோடினுக்குப் பதங்கநிலை 184 தானே?

இல்லை, அது கொதிநிலை. ஊதா ஆவியைப் பார்த்துவிட்டு அயோடின் உருகாது என்று பலரும் எழுதுகிறார்கள். அது 114 டிகிரி அளவில் உருகுகிறது. அப்போது அதன் ஆவியழுத்தம் வளிமண்டலத்தில் எட்டில் ஒரு பங்குதான். மூலக்கூறுகளுக்கிடையே வலுவற்ற வாண்டர்வால்ஸ் விசை மட்டும் இருப்பதால் அதற்கு முன்பே திடத்திலிருந்து ஆவி கிளம்புகிறது, அவ்வளவே. ஆக அயோடின் பதங்கமாகும், ஆனால் அதற்குப் பதங்கநிலை கிடையாது. இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிகிறது என்பதற்காகவே இந்தச் சொல்லுக்கு வாதாடுகிறேன்.

உருகு, கொதி, உறை எல்லாம் வினையடி, பதங்கம் பெயர்ச்சொல் என்ற இலக்கண ஆட்சேபம் வரும் என்று தெரியும். ‘ஆவிநிலை’ என்றால் வாயு நிலை என்று ஆகிவிடுகிறதே, அதனால் அதை ஒதுக்கினேன். பொருத்தமான வினையடி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.