இலியட்டில் திரும்பத் திரும்ப வரும் அடைமொழிகள்: ஹோமர் எழுதினாரா, பாடினாரா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எனக்குக் கிரேக்கம் தெரியாது. கடந்த சில மாதங்களாக ஹோமரின் பெயரில் வழங்கும் கிரேக்கக் காப்பியங்களான இலியட்டையும் ஒடிசியையும் ஆங்கில மொழிபெயர்ப்பில் மெதுவாக வாசித்து வருகிறேன். வாசிப்பில் முதலிலிருந்தே என்னை உறுத்தி வரும் செய்தி ஒன்றை இங்கே கேட்கலாம் என்று தோன்றியது.

இலியட்டின் முதற்காண்டத்தில் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானோடு பிணங்கிப் போரை விட்டு ஒதுங்கிய வீரன் அக்கிலிஸ், தன் கப்பல்களின் அருகே சினத்தோடு உட்கார்ந்திருக்கிறான். அந்த இடத்திலும் கவிஞர் அவனை ‘விரைந்த கால்களை உடையவன்’ என்றே குறிப்பிடுகிறார். உட்கார்ந்திருப்பவனைப் பற்றிச் சொல்லும்போது கால்களின் விரைவு எதற்கு? ஒடிசியின் ஆறாம் காண்டத்தில், இளவரசி நௌசிக்காவின் கனவில் தோன்றும் தெய்வமான அத்தீனா, துணிகள் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன என்று அவளைக் கடிந்துகொள்கிறாள். துவைக்க வேண்டிய அந்தத் துணிகளுக்கு அதே வரியில் ‘ஒளிவீசும்’ என்ற அடைமொழி! இவற்றையெல்லாம் விட விந்தையானது, அகமெம்னானைக் கொன்ற ஏகிஸ்தஸை ஒடிசியின் தொடக்கத்திலேயே ‘குற்றமற்றவன்’ என்று அழைத்திருப்பது.

இவை வெறும் அசைநிரப்பிகள்தாமா? ஹோமர் என்று ஒருவர் இருந்ததே இல்லை, எழுத்தறியாப் பாணர்கள் பலர் பாடியவற்றின் தொகுப்பே இக்காப்பியங்கள் என்பது முடிந்த முடிபு என ஒரு கட்டுரையில் படித்தேன். அது உண்மையிலேயே முடிந்த முடிபுதானா? நம் ஈழத்துத் திறனாய்வாளர் கைலாசபதி இதே கோட்பாட்டைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்தார் என்றும் அதே கட்டுரை கூறியது. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

முதல் மறுமொழி

வணக்கம். நீங்கள் கவனித்ததே இருபதாம் நூற்றாண்டின் ஹோமர் ஆய்வு முழுவதையும் திசைதிருப்பிய புள்ளி. அதை விரித்துக் காட்டியவர் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர். (நம் பறம்புமலைப் பாரிக்கும் இவருக்கும் ஒலிப்பைத் தவிர வேறு உறவில்லை, ஆனாலும் பாணர்களைத் தேடிப் போனவருக்கு இப்பெயர் வாய்த்ததை எண்ணி நான் பலமுறை சிரித்ததுண்டு.) அவர் 1928-இல் பாரிஸில் பிரெஞ்சு மொழியில் அளித்த முனைவர் ஆய்வேடு, ஹோமரின் அடைமொழிகளை யாப்போடு சேர்த்து எண்ணிக் கணக்கிட்டது.

கிரேக்கக் காப்பிய அடிக்கு ஆறு சீர்கள். ஒவ்வொரு சீரும் ஒரு நெடிலும் இரு குறில்களுமாகவோ, இரு நெடில்களாகவோ அமையும். இறுதிச் சீர் மட்டும் ஈரசையோடு நின்றுவிடும். அடியின் நடுவில் குறிப்பிட்ட சில இடங்களிலேயே சொற்றொடர் இயல்பாக முறியும். ஆகவே ஒரு செயலைச் சொல்லி முடித்த பாடகருக்கு அடியின் பிற்பகுதியில் மூன்று நான்கு வகையான ‘மிச்ச இடங்கள்’ மட்டுமே வாய்க்கின்றன, அவற்றை வீரனின் பெயரைக் கொண்டு நிரப்ப வேண்டியிருக்கிறது.

இடம் குறுகியதாக இருந்தால் ‘தியோஸ் அகில்லெவுஸ்’, அதாவது தெய்வத்தன்மை பொருந்திய அக்கிலிஸ். சற்று நீண்டதாக இருந்தால் ‘போதாஸ் ஓகுஸ் அகில்லெவுஸ்’, விரைந்த கால்களை உடைய அக்கிலிஸ். இன்னும் நீண்டால் ‘போதார்கேஸ் தியோஸ் அகில்லெவுஸ்’. இப்போது ஒடிசியின் நாயகனான ஒடிசியஸைப் பாருங்கள். அவன் பெயரின் கிரேக்க வடிவமான ‘ஒதுஸ்ஸெவுஸ்’ என்பதும் அகில்லெவுஸ் என்பதும் ஒரே அசையமைப்பைக் கொண்டவை. அதே மூன்று இடங்களுக்கு அவனுக்கு வாய்ப்பவை ‘தியோஸ் ஒதுஸ்ஸெவுஸ்’, ‘பொலுமேதிஸ் ஒதுஸ்ஸெவுஸ்’ (பல சூழ்ச்சிகள் அறிந்தவன்), ‘பொலுத்லாஸ் தியோஸ் ஒதுஸ்ஸெவுஸ்’ (பலவற்றைத் தாங்கியவன்). அளவு ஒன்றே, அடைமொழி வேறு. ஓர் ஆளுக்கு, ஓர் இலக்கண வேற்றுமையில், ஓர் அளவுள்ள இடத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு தொடர்தான் உண்டு; ஆனால் முதன்மையான பாத்திரங்கள் அனைவருக்கும் எல்லா அளவுகளிலும் தொடர்கள் ஆயத்தமாக இருக்கின்றன.

இந்தச் சிக்கனத்தையும் இந்தப் பரப்பையும் ஒருங்கே கொண்ட ஒரு தொகுதியைத் தனி மனிதர் ஒருவர் தம் வாழ்நாளில் உருவாக்கியிருக்க முடியாது, தலைமுறை தலைமுறையாகப் பாடிப் பாடித் தேய்ந்தும் திரண்டும் வந்த மரபே அதை உருவாக்க முடியும் என்பது பாரியின் வாதம். இத்தகைய தொடர்களுக்குத் தமிழாய்வில் ‘வாய்பாடு’ என்ற சொல் வழங்குகிறது. எனவே அக்கிலிஸ் உட்கார்ந்திருக்கிறானா, ஓடுகிறானா என்பது பொருட்டே இல்லை. ‘விரைந்த கால்கள்’ அவன் பெயரின் ஒரு பகுதி. ‘குற்றமற்ற’ ஏகிஸ்தஸைப் பொறுத்தவரை, ‘அமூமோன்’ என்ற அச்சொல்லுக்கு ‘அழகிய’ என்றே பொருள் கொள்ள வேண்டும் என வாதிடுவோரும் உண்டு; அப்படிக் கொண்டால் சிக்கல் பாதி கரைந்துவிடுகிறது.

என் கருத்தில், பாரிக்குப் பிறகு எழுத்தறிந்த ஒரு கவிஞரைப் பற்றிப் பேசுவதற்கு இடமே இல்லை.

இரண்டாம் மறுமொழி

மேலே உள்ள விளக்கம் தெளிவானது. கடைசி வரியோடு மட்டும் உடன்பட இயலவில்லை. பாரியின் 1928 ஆய்வேடு நிறுவியது ஹோமரின் நடை மரபு வழிப்பட்டது என்பதை. அது வாய்மொழியானது என்ற முடிவை 1930-லும் 1932-லும் வெளியிட்ட கட்டுரைகளில்தான் அவர் வலியுறுத்தினார். மரபு என்பதும் வாய்மொழி என்பதும் ஒன்றையொன்று ஒட்டியிருந்தாலும் இரண்டும் ஒன்றே ஆகிவிடா. கி.பி. மூன்றாம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்த ஸ்மிர்னா நகரத்துக் குயின்டஸ், ட்ரோய்ப் போரின் எஞ்சிய கதையை ஹோமரின் வாய்பாடுகளையும் அடைமொழிகளையும் தழுவியே பாடினார். அவர் எழுத்தறிந்த புலவர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

தம் கருத்தை உயிருள்ள மரபில் சோதித்துப் பார்க்கவே பாரி 1933-லும், பிறகு 1934-35-லும் யூகோஸ்லாவியாவுக்குச் சென்றார். ‘குஸ்லே’ என்னும் ஒற்றை நரம்பிசைக் கருவியை மீட்டிப் பாடும் பாடகர்களை 3,500-க்கும் மேற்பட்ட அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்தார். அத்தொகுப்பு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அவர் கண்டெடுத்த பெரும்பாடகர் அவ்தோ மெஜெதோவிச், எழுதப் படிக்கத் தெரியாதவர், இறைச்சிக் கடைக்காரர். 1935-இல் இவர் அளித்த ஒரு கதைப்பாடல் மட்டும் 12,000 வரிகளைக் கடந்தது. ஒடிசி 12,109 வரிகள், இலியட் 15,693 வரிகள் என்பதை நினைவிற் கொண்டால் அந்த அளவின் பெருமை விளங்கும். அதே ஆண்டு டிசம்பரில் ஒரு துப்பாக்கி விபத்தில் பாரி இறந்தபோது அவருக்கு வயது 33. பணியைத் தொடர்ந்த ஆல்பர்ட் லார்டின் நூல் 1960-இல் வெளிவந்தது.

இங்கேதான் நான் நின்று யோசிப்பேன். மெஜெதோவிச்சின் அந்த நெடும்பாடல் ஊர்க்கூட்டத்தில் இயல்பாகப் பாடப்பட்டு அந்நீளத்தை எட்டியதன்று. ஒருவர் கேட்டு எழுத, அவசரப்படுத்துவோர் இல்லாத நிலையில், அவர் நாள்கணக்கில் சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. லார்டே பின்னர் இதைக் கொண்டு, ஹோமரும் தம் பாடலை எழுத்தறிந்த ஒருவருக்குச் சொல்லி எழுதுவித்திருக்க வேண்டும் என்று கருதினார். ஒரே இரவில் பாடி முடிக்கவே முடியாத நீளமுள்ள ஒரு காப்பியத்தைப் பாணர் ஒருவர் எந்த அவையை நம்பிப் படைப்பார்? அந்த நீளத்துக்குள்ளேயே எழுத்தின் நிழல் விழுந்திருக்கிறது என்பதே என் எண்ணம்.

காலமும் இதற்கு இடம் தருகிறது. ஃபினீசிய எழுத்திலிருந்து கிரேக்கர் தம் நெடுங்கணக்கை அமைத்துக்கொண்டு வெகுகாலம் ஆவதற்குள், கி.மு. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இத்தாலியை ஒட்டிய இஸ்கியாத் தீவில் புதைக்கப்பட்ட ஒரு மண்கிண்ணத்தில் மூன்று வரிகள் கீறப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டு காப்பிய யாப்பில் அமைந்தவை, பேசுவது இலியட்டில் வரும் முதிய அரசன் நெஸ்டரின் கிண்ணத்தைப் பற்றி. 1954-இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட அக்கிண்ணம் இலியட் அப்போதே எழுதப்பட்டுவிட்டது என்பதற்குச் சான்றாகாது. ஆனால் மதுவிருந்தில் விளையாட்டாகக் கூட அந்த யாப்பில் எழுதும் பழக்கம் அக்காலத்திலேயே இருந்ததை அது காட்டிவிடுகிறது.

கைலாசபதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சன் என்ற கிரேக்கப் பேராசிரியரிடம் அவர் செய்த ஆய்வு 1968-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. சங்கப் பாடல்களின் வாய்பாடுகளையும் பாடுபொருள்களையும் கிரேக்க வீரயுகத்தோடு ஒப்பிட்டு, அவையும் பாணர் வாய்மொழி மரபின் விளைவே என்றார். ஜார்ஜ் ஹார்ட் 1975-இல் வெளியிட்ட நூலில் வேறுபட்டார்: பாணர் மரபை முன்மாதிரியாகக் கொண்டு எழுத்தறிந்த புலவர்கள் இயற்றியவை இப்பாடல்கள் என்பது அவர் நிலைப்பாடு. கவனியுங்கள், ஹோமரைப் பற்றிய அதே தகராறுதான். எனினும் ஐந்தாறு அடிகளில் முடிந்துவிடும் ஒரு குறுந்தொகைப் பாடலை மனப்பாடமாகவே காத்துவிட முடியும் என்பதால், நீளத்தைக் கொண்டு நான் மேலே எழுப்பிய கேள்வி அங்கே செல்லாது.

மூன்றாம் மறுமொழி

பாரிக்கு முன்பே இந்த அடைமொழிகள் பலரை உறுத்தியிருக்கின்றன என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தை நடத்திய அரிஸ்டார்க்கஸ், இலியட் எட்டாம் காண்டத்தின் முடிவில் வரும் ‘ஒளிரும் நிலா’வைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார். நிலா முழுமையாக ஒளிர்ந்தால் அதைச் சூழ்ந்த விண்மீன்கள் எப்படிப் பளிச்சென்று தெரியும் என்பது சிக்கல். அந்நேரத்தில் ஒளிர்ந்ததைக் கவிஞர் சொல்லவில்லை, நிலாவின் இயல்பைச் சொல்கிறார் என்பது அவர் தந்த விடை. நௌசிக்காவின் அழுக்குத் துணிகளுக்கும் இதே விடை பொருந்தும். யாப்புக் கணக்கு இல்லாமலேயே அவர் பாதி வழி வந்துவிட்டார்.

இந்தப் பழைய உரைகள் நமக்குக் கிடைத்த வழியும் சுவையானது. வெனிஸ் நகரின் மார்ச்சானா நூலகத்திலுள்ள பத்தாம் நூற்றாண்டு இலியட் கையெழுத்துப் படி ஒன்றின் ஓரங்கள் முழுவதும் அலெக்சாந்திரிய உரைக்குறிப்புகள் நிரம்பியிருக்கின்றன. வில்லுவாசோன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1788-இல் அதை அச்சிட்டார். மூலபாடம் பழங்காலத்திலேயே எவ்வளவு நிலையற்றதாக இருந்தது என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1795-இல், ஜெர்மனியின் ஃபிரீட்ரிக் ஆகஸ்ட் வோல்ஃப், எழுத்தில்லாக் காலத்துப் பாடல்கள் பின்னரே தொகுக்கப்பட்டன என்று வாதிட்டார். அதற்கும் பழங்காலச் சான்றுகள் இருந்தன: ஹோமர் தம் பாடல்களை எழுத்தில் விட்டுச் செல்லவில்லை என்று சொல்லப்படுவதாக யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ் எழுதியிருக்கிறார், சிதறிக் கிடந்த நூல்களை முதன்முதலில் வரிசைப்படுத்தியவர் ஏதென்ஸின் ஆட்சியாளர் பெய்சிஸ்ட்ராட்டஸ் என்று ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதியிருக்கிறார். இருவருமே ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர்கள் என்பதால் இச்சான்றுகளை நான் அளவோடுதான் நம்புவேன்.

கேட்டவரின் தொடர்கேள்வி

மூவருக்கும் மிக்க நன்றி. ‘முடிந்த முடிபு’ என்று படித்ததை இனி அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஐந்தாம் காண்டத்தில் மெனலாஸால் கொல்லப்பட்ட பைலமெனீஸ், பதின்மூன்றாம் காண்டத்தில் தன் மகனின் சடலத்துக்குப் பின்னே அழுதுகொண்டு நடக்கிறான். இதைப் பலரின் கைவண்ணத்துக்குச் சான்றாகக் கொள்ளலாமா?

இரண்டாம் மறுமொழியாளரின் விடை

பைலமெனீஸை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எழுதித் திருத்தும் நாவலாசிரியர்களே இறந்த பாத்திரத்தை எழுப்பிவிடுவதுண்டு. ஆயிரக்கணக்கான வரிகள் நீளும் போர்க்களத்தில் ஒரு சிற்றரசனின் சாவு ஒரே கவிஞருக்கும் மறந்து போகலாம். நல்ல ஹோமரும் சிற்சில வேளை தூங்கிவிடுகிறார் என்று ரோமானியக் கவிஞர் ஹோராஸ் சொன்னது இத்தகைய இடங்களை எண்ணித்தான்.

உண்மையில் கடினமான இடம் ஒன்பதாம் காண்டத்தில் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் அது கண்ணுக்கே தெரியாது. அக்கிலிஸைச் சமாதானப்படுத்த ஃபீனிக்ஸ், அயாக்ஸ், ஒடிசியஸ் ஆகிய மூவரும் அறிவிப்பாளர் இருவரும் அனுப்பப்படுகிறார்கள். ஆக, ஐவர். ஆனால் அவர்கள் கடற்கரை வழியே நடந்து செல்வதைச் சொல்லும் வரிகளில் வினைச்சொற்கள் இருமையில் வருகின்றன. வடமொழியைப் போலக் கிரேக்கத்திலும் இருவரை மட்டும் குறிக்க ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே தனி எண் உண்டு. தமிழில் அது இல்லாததால் நமக்கு இதன் அதிர்ச்சி சட்டென்று உறைப்பதில்லை. ‘அவ்விருவரும் நடந்தனர்’ என்கிறது பாடல். அக்கிலிஸும் வந்தவர்களை இருமையிலேயே வரவேற்கிறான்.

ஒடிசியஸும் அயாக்ஸும் மட்டுமே சென்ற ஒரு பழைய பாடலில் ஃபீனிக்ஸ் பின்னர் நுழைக்கப்பட்டார் என்று, காப்பியத்தைப் பலரின் படைப்பாகப் பிரித்துப் பார்க்கும் பகுப்பாய்வாளர்கள் சொன்னார்கள். இருமை அறிவிப்பாளர் இருவரையே குறிக்கிறது என்று சிலர் சமாளித்தார்கள். ஒரே பாடகரே தாம் முன்பு பல முறை பாடிய வடிவத்தின் வரிகளைப் புதிய வடிவத்துக்குள் அப்படியே விட்டுவைத்தார் என்பது மூன்றாவது விளக்கம். நான் சாய்வது இதன் பக்கம். ஏனெனில் ஃபீனிக்ஸ் அக்காண்டத்தில் ஆற்றும் நெடிய உரையை எடுத்துவிட்டால் அக்கிலிஸின் பிடிவாதத்துக்கு எதிராக நிற்கும் மிக வலிய குரல் போய்விடும். ஒட்டுவேலை செய்தவர் ஒருவர் இருந்தால், அந்த உரையைப் படைத்தவரும் அவரே. அவரைத்தான் நான் ஹோமர் என்று அழைப்பேன். நீங்கள் அடுத்து அக்காண்டத்தை வாசிக்கும்போது 182 முதல் 198 வரையிலான வரிகளுக்கு அடிக்குறிப்பு உள்ள ஒரு பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.