குடும்பக் குழு: ஒபாமா எப்போது மனம் மாறினார்?

பெரியப்பா: (ஃபார்வர்டு) 2012இல் ஒபாமா ஒருபால் திருமணத்தை ஆதரிக்கக் காரணம் அவருடைய இரண்டு மகள்கள்தான். பிள்ளைகளிடம் பாடம் கற்ற தலைவர்! 🙏

பெரியப்பா: எல்லோரும் படியுங்கள். மனிதர் என்றால் இவர்.

நான்: மகள்களைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான் பெரியப்பா. மே 9 ஏபிசி பேட்டியில் வருகிறது. மாலியா, சாஷாவின் நண்பர்கள் சிலருக்குப் பெற்றோர் ஒருபால் இணையர். அவர்களை வேறு மாதிரி நடத்துவது பிள்ளைகளுக்குப் புரியவே இல்லை என்றார். ஆனால் 1996லேயே அவர் ஆதரவுதான்.

பெரியப்பா: அப்போது அவரை யாருக்கும் தெரியாதே அம்மா.

நான்: அதனால்தான் சொல்ல முடிந்தது 🙂 இல்லினாய் மாநில செனட்டுக்கு நின்ற நேரம். சிகாகோவில் ‘அவுட்லைன்ஸ்’ என்ற பத்திரிகை கேள்வித்தாள் அனுப்பியது. ஒருபால் திருமணத்தைச் சட்டமாக்க ஆதரவு, தடுக்க வந்தால் எதிர்த்து நிற்பேன் என்று டைப் அடித்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அண்ணன்: 1998இல் அதே கேள்விக்கு ‘இன்னும் முடிவு செய்யவில்லை’.

சித்தி: அதற்குள் மறந்துபோச்சா!

அண்ணன்: 2004இல் அமெரிக்க செனட்டுக்கு நின்றபோது திருமணம் கிடையாது, சிவில் யூனியன் (திருமணம் என்ற பெயர் இல்லாமல் சட்ட உரிமைகள் தரும் பதிவு) போதும் என்றார். 2008 ஆகஸ்டில் சாடில்பேக் தேவாலயத்தில் பாஸ்டர் ரிக் வாரன் மேடையிலேயே கேட்டார். ஆணும் பெண்ணும் சேர்வதுதான் திருமணம், கிறிஸ்தவனான எனக்கு அது புனிதம், அதில் கடவுளும் இருக்கிறார் என்று பதில். ஒரே கைதட்டல்.

அண்ணன்: ஆனால் அதே வருடம் கலிபோர்னியாவில் அந்தத் திருமணங்களைத் தடுக்க மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த ‘ப்ராப் 8’ திருத்தம் வேண்டாம் என்றும் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரு கால்.

பெரியப்பா: நம்பிக்கை ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். இதில் என்ன தப்பு?

நான்: அவருடைய ஆலோசகர் ஆக்சல்ராட் 2015இல் எழுதியது வேறு. கறுப்பினத் தேவாலயங்களில் எதிர்ப்பு பலமாக இருந்ததால், உள்ளதை வெளியே சொல்ல வேண்டாம் என்ற யோசனையை அரைமனதாக ஏற்றுக்கொண்டாராம். ஒபாமா மறுத்தார். என் சொந்த உணர்வையும் என் நிலைப்பாட்டையும் ஆக்சல்ராட் குழப்பிக்கொண்டார் என்றார்.

சித்தி: அப்படியானால் உணர்வு ஒன்று, நிலைப்பாடு ஒன்று என்று அவரே பிரித்துவிட்டாரே! மறுப்பா இது?

பெரியப்பா: நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2011 பிப்ரவரியில் டோமா சட்டத்துக்காக இனி நீதிமன்றத்தில் வாதாட மாட்டோம் என்று அறிவித்தது அவருடைய அரசுதான். பேட்டியைவிட அது பெரிய காரியம்.

சித்தி: டோமா என்றால் என்ன அத்தான்?

பெரியப்பா: 1996இல் கிளின்டன் கையெழுத்துப் போட்ட சட்டம். ஒரு மாநிலத்தில் ஒருபால் திருமணம் செல்லும் என்றாலும், மத்திய அரசு அதைத் திருமணமாகக் கணக்கில் எடுக்காது. வரி, ஓய்வூதியம் எதிலும்.

நான்: சரி, அதை ஒத்துக்கொள்கிறேன் பெரியப்பா. ஆனால் வாயைத் திறக்க வைத்தது பைடன். 2012 மே 6 ஞாயிற்றுக்கிழமை டிவியில், எனக்கு இதில் எந்தச் சங்கடமும் இல்லை என்று போட்டு உடைத்துவிட்டார். துணை அதிபர் சொன்ன பிறகு அதிபர் சும்மா இருக்க முடியுமா? மூன்றே நாளில் பேட்டி.

அண்ணன்: நடுவில் மே 8. வட கரோலினாவில் ஒருபால் திருமணத்துக்குத் தடை போடும் திருத்தம் வாக்கெடுப்பில் ஜெயித்தது. 2008இல் ஒபாமா மயிரிழையில் வென்ற மாநிலம். நவம்பரில் அங்கே தோற்றார்.

பெரியப்பா: பார்த்தாயா? நஷ்டம் வரும் என்று தெரிந்தேதான் பேசியிருக்கிறார்.

நான்: பேசினார், பாதி பேச்சு. அந்தப் பேட்டியிலும் இதை மாநிலங்களே முடிவு செய்யட்டும் என்றுதான் சொன்னார். நாடு முழுவதும் உரிமை என்று ஆனது 2015 ஜூன் 26இல், உச்ச நீதிமன்றத்தில் 5-4.

சித்தி: அப்போது பைடன்தான் யோக்கியர் என்கிறாயா?

அண்ணன்: அவசரப்படாதீர்கள் சித்தி 😄 1996இல் டோமாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட செனட்டர்களில் அவரும் ஒருவர். 2022 டிசம்பரில் அதை நீக்கிய சட்டத்தில் அதிபராகக் கையெழுத்துப் போட்டதும் அவரே.

சித்தி: அவருக்கு என்ன காரணமாம்? பேத்திகளா?